வெண்பனி நாடு சென்ற ஆசிரியை

வரைபடத்தின் அடியில் வெள்ளையாகக் கிடக்கும் அண்டார்க்டிகாவைக் காட்டி, "அங்கே ஆண்கள்தானே போக முடியும், சிஸ்டர்?" என்று கேட்டோம். சிஸ்டர் சிரித்துக்கொண்டே சுதீப்தா சென்குப்தாவைப் பற்றிச் சொன்னார்கள். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் நிலவியல் கற்பித்த அவர், 1983-இல் கோவாவிலிருந்து கப்பலேறிய மூன்றாவது இந்தியக் குழுவில் சென்றார். கடலாய்வாளர் அதிதி பந்த்தும் உடன் சென்றார். இந்தியக் குழுவில் அங்கு சென்ற முதல் பெண்கள் இவ்விருவரே. மலையேறப் பழகிய சுதீப்தா, ஷிர்மாக்கர் குன்றுகளில் பனி மூடாத பாறைகளை ஆராய்ந்தார்; வகுப்புக்குத் திரும்பினார்; 1989-இல் மீண்டும் போனார்.

தொட்டறிந்த பாறையைப் பற்றி அவர் நடத்திய பாடம் எத்தனை உயிரோடு இருந்திருக்கும்! கேட்ட கேள்விக்கு வெட்கப்பட்டோம். அன்று மாலை மணியடித்த பிறகும், மைதானத்துக் கருங்கல்லைச் சுற்றிக் குனிந்து நின்றோம்.