கணக்கில் வராத மைல்கள்

நான் விற்ற காரின் மீட்டர் காட்டும் ஓட்டம் பொய். அது பொய் என்று தெரிந்தேதான் விற்றேன். வாங்கியவரிடம் நேரில் போய் ஒப்புக்கொண்ட பிறகே இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவருக்குத் தெரியாமல் ஊருக்குச் சொல்வது இன்னொரு கோழைத்தனமாக இருந்திருக்கும்.

கார், 1972ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர். இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை இந்த வகைக் கார்கள் ஐந்து இலட்சத்துக்கும் மேல் தயாராயின. எளிமையான வண்டி. சில ஸ்பேனர்களும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால், பெரும்பாலான வேலைகளை வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம். அதனால்தான் ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்தபோது எனக்குச் சாக்கு எதுவுமே இருக்கவில்லை.

அந்தக் கேபிள் செய்யும் வேலையைச் சொன்னால்தான் என் குற்றம் விளங்கும். கியர்பாக்ஸின் பின்புறத்தில் ஒரு சின்னப் பற்சக்கரம் இருக்கிறது. சக்கரங்கள் ஓடும் வேகத்துக்கு ஏற்ப அது சுழலும். அந்தச் சுழற்சியை டேஷ்போர்டுக்குக் கொண்டுவருவது, உறைக்குள் ஓடும் ஒரு முறுக்குக் கம்பி. மெல்லிய எஃகுக் கம்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாக, எதிரெதிர்த் திசையில் சுற்றிச் செய்தது. இரு முனையும் சதுரமாக இருக்கும். மேல்முனை ஸ்மித்ஸ் மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைச் சூழ்ந்திருக்கும் அலுமினியக் கிண்ணம் அதைத் தொடுவதே இல்லை. சுழலும் காந்தப்புலம் கிண்ணத்தில் மின்சுழலை உண்டாக்கிக் கூடவே இழுக்கிறது. மயிரிழை போன்ற ஒரு சுருள்வில் எதிர்ப்பக்கம் பிடிக்கிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். ஜெர்மனியின் ஓட்டோ ஷூல்ட்ஸே 1902இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. எழுபது ஆண்டுகள் கழித்து வந்த என் காரிலும் அதே தத்துவம்தான்.

இதே கேபிள்தான் மைல் எண்களையும் உருட்டுகிறது. என் மீட்டரின் முகப்பில் 1280 என்று சிறிதாக அச்சிட்டிருக்கும். கேபிள் 1280 சுற்றுச் சுற்றினால் ஒரு மைல் என்பது அதன் பொருள். கம்பி அறுந்தால் வேகமும் தெரியாது, ஓட்டமும் ஏறாது.

அறுவதற்கு முன்பே அது சொல்லிக்கொண்டுதான் இருந்தது. முள் நடுங்கியது, குளிர்நாளில் டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து ஒரு கீச்சொலி வந்தது. எண்ணெய்ப் பசை வற்றிய கேபிளின் அடையாளங்கள் அவை. கழற்றிக் கொஞ்சம் பசை போட்டிருந்தால் பிழைத்திருக்கும். பிறகு ஒருநாள் நெடுஞ்சாலையில் முள் பூஜ்ஜியத்தில் விழுந்தது. அன்றைக்கே மாற்றியிருக்க வேண்டும். புதுக் கேபிளின் விலை ஒரு டேங்க் பெட்ரோலுக்குக் கொடுப்பதில் பாதிகூட வராது. 1937 அக்டோபர் 1க்குப் பிறகு சாலைக்கு வந்த காரில் ஸ்பீடோமீட்டர் இருக்க வேண்டும், அது வேலை செய்யும் நிலையிலும் இருக்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் சட்டம். எனக்கு அது தெரியும்.

முதல் சில வாரங்கள் சோம்பல்தான். எஞ்சின் சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டர் இருந்தது. நாலாவது கியரில் எஞ்சின் ஆயிரம் சுற்றுக்கு ஏறக்குறைய 18 மைல் வேகம் என்பது மனப்பாடம். மூவாயிரம் காட்டினால் 54. கைபேசியும் வேகம் சொன்னது. ஆகவே ஓட்டுவதற்கு ஒரு குறையும் தெரியவில்லை. நான் கெட்டது அதற்குப் பிறகு, இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் படிவம் வந்தபோது.

பழைய கார்களுக்கான இன்சூரன்ஸ் பெரும்பாலும் ஆண்டு மைல் வரம்போடு வரும். வரம்பு குறைந்தால் கட்டணமும் குறையும். நான் எப்போதும் மிகக் குறைந்த வரம்பைத்தான் எடுப்பேன், அந்த ஆண்டு அதைத் தாண்டி ஓட்டியிருந்தேன். படிவத்தில் ‘மீட்டரின் இப்போதைய எண்’ என்ற கட்டம். அதில் நின்றுபோன எண்ணை எழுதிக் கையெழுத்திட்டேன். மீட்டரில் இருப்பதைத்தானே எழுதினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரிந்தே தவறான விவரம் தருவோரின் பாலிசியை ரத்துசெய்ய நிறுவனத்துக்கு உரிமை தரும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றியும் நான் படித்திருந்தேன். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு கேபிளை மாற்றாததற்குப் பெயர் சோம்பல் அல்ல. மீட்டர் ஓடாமல் இருப்பது எனக்கு இலாபமாகிவிட்டது. அடுத்த ஆண்டும் அப்படியே செய்தேன்.

யாரும் கண்டுபிடிக்க வழியும் இல்லை. இங்கே பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி என்ற வாகனத் தகுதிச் சோதனையில் மீட்டர் எண்ணைப் பதிவுசெய்வார்கள். யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். ஆனால் 2018 மே முதல், நாற்பது ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு அந்தச் சோதனை கட்டாயமில்லை. பழைய காரைப் பேணுபவர்கள் பொறுப்பானவர்கள் என்ற நம்பிக்கை அந்தச் சலுகைக்குப் பின்னால் இருக்கிறது. என்னைப் போன்றவர்களால்தான் அது கெடும்.

கார் எனக்காகப் பட்ட பாட்டைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. எம்ஜிபியின் முன்சக்கரங்கள் கிங் பின் மேல் திரும்புகின்றன. ஒவ்வொரு பக்கமும் கிரீஸ் செலுத்த மூன்று நிப்பிள்கள். 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் கன் வைத்து அடிக்க வேண்டும். விட்டால் பின் தேயும், ஸ்டீயரிங் இறுகும். எஞ்சின் ஆயிலுக்கும் மைல் கணக்கில் ஒரு கெடு உண்டு. எண் ஏறாத காரில் 3,000 வருவதே இல்லை. பிறரை ஏமாற்ற நிறுத்திவைத்த கணக்கை நானே நம்ப ஆரம்பித்தேன். கிரீஸ் அடிக்காமல் விட்டேன். அந்தக் காரை நேசித்தேன் என்று இன்றைக்கும் சொல்வேன், ஆனாலும் அப்படித்தான் நடந்துகொண்டேன்.

விற்க முடிவெடுத்ததும் கேபிள் வாங்கினேன். ஒரு பிற்பகல் வேலை. மீட்டரின் பின்னால் கையை நுழைத்து, விளிம்பில் வரி போட்ட நட்டை விரலால் தளர்த்தி, பழையதை உருவினேன். கம்பி நடுவில் முறிந்து பாதியாக வந்தது. காரை ஸ்டாண்டில் ஏற்றி, அடியில் படுத்து, கியர்பாக்ஸ் முனையைக் கழற்றினேன். புதுக் கம்பிக்கு இலேசாக கிரீஸ் தடவி, மீட்டர் பக்கத்து முனையைச் சில அங்குலம் உலர்வாகவே விட்டேன். அங்கே கிரீஸ் இருந்தால் ஏறிப்போய் மீட்டருக்குள் புகுந்துவிடும். எங்கும் கூர்மையாக மடியாதபடி வளைத்துக் கொண்டுபோனேன், எக்ஸாஸ்ட்டில் படாமல் கட்டினேன். மேலே மாட்டும் முன், கீழ்முனையை விரலால் சுழற்றி மேல்முனை தடையில்லாமல் சுற்றுகிறதா என்றும் பார்த்தேன். இவ்வளவு ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவன், பொய்யை மறைக்கத்தான் அதைச் செய்தேன். மறுநாள் ஓட்டிப் பார்த்தபோது முள் ஆடாமல் நின்றது. எண்கள் விட்ட இடத்திலிருந்து ஏறத் தொடங்கின, நடுவில் ஓடிய மைல்களே இல்லாததுபோல.

வாங்க வந்தவர் ஓர் இளம்பெண். அவருடைய முதல் பழைய கார் இது. நான் கோப்பில் வைத்திருந்த பழைய ரசீதுகளை நிதானமாகப் புரட்டிவிட்டு, “இந்த ஓட்டம் நிஜம்தானே?” என்று கேட்டார்.

“மீட்டர் காட்டுவது அதுதான்” என்றேன்.

நேரடியாக ‘ஆம்’ என்றுகூடச் சொல்லவில்லை. பிடிபட்டால் தப்பிக்க ஒரு சந்து விட்டுத்தான் அந்த வாக்கியத்தைக் கட்டினேன். நான் செய்ததிலேயே மிக இழிவானது அதுதான் என்று நினைக்கிறேன். படிவத்தை எதிரில் ஆளில்லாமல் நிரப்பினேன். இந்தப் பொய்யை, என்னை நம்பிக் கேட்டவரின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

சில மாதம் கழித்து, கிங் பின் இரண்டும் மாற்ற வேண்டியதாயிற்று, இவ்வளவு குறைந்த ஓட்டத்தில் ஏன் இப்படித் தேய்ந்தது என்று கேட்டு எழுதியிருந்தார். குறை சொல்லவில்லை, விவரம்தான் கேட்டார். பழைய பெட்ரோல் ரசீதுகளை எடுத்துக் கணக்குப் போட்டேன். காலனுக்கு 25 மைல் என்று வைத்தால், மீட்டர் விழுங்கியது ஏழாயிரத்துக்குக் குறையாது.

நேரில் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை என்று எழுத ஆசைதான், கோபப்பட்டார், நியாயமாகவே. காரைத் திருப்பிக் கொடுக்கிறீர்களா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். கிங் பின் செலவை வாங்கிக்கொண்டார். விலையிலும் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தேன். அறுந்தபோது இருந்த எண், விட்டுப்போன மைல்கள், காரணம் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொன்னார், தந்தேன். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுதிவிட்டேன். அவர்கள் கேட்கும் தொகையைக் கட்டுவேன்.

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கேபிள் அறுந்தால், அன்றைய தேதியையும் மீட்டர் எண்ணையும் அன்றிரவே சர்வீஸ் புத்தகத்தில் எழுதுங்கள். புதுக் கேபிள் மாட்டிய தேதியையும், இடையில் ஓடிய தூரத்தையும் அதன் கீழேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். வாங்கப் போகிறவர்களே, “ஓட்டம் நிஜமா?” என்று மட்டும் கேட்காதீர்கள். “கேபிளை எப்போது மாற்றினீர்கள், அதற்கு முன் எவ்வளவு காலம் அறுந்து கிடந்தது?” என்று கேளுங்கள். என்னிடம் யாராவது அப்படிக் கேட்டிருந்தால், பதில் சொல்லாமல் தப்பித்திருக்க முடியாது.