எனாமலுக்குக் கீழே

"முறுக்கு கடிச்சேன் டாக்டர், பல்லு பேந்துடுச்சு" என்று அடிக்கடி யாராவது வருவார்கள். முறுக்கு என்ன செய்யும், பாவம்! அந்தக் கடைவாய்ப் பல் உள்ளுக்குள் எப்போதோ பொந்தாகியிருக்கும்.

எனாமல் உடம்பிலேயே கெட்டியான பொருள். எடையில் சுமார் 96 சதவீதம் தாது. ஆனால் பல்லில் படியும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் விட, பிஎச் 5.5க்குக் கீழே இறங்கினால் அதுவும் கரையும். எனாமல் இழந்த தாதுவை உமிழ்நீர் ஈடுகட்டப் பார்க்கும். ஓயாமல் எதையாவது கொறிப்பவர் வாயில் அதற்கு அவகாசம் ஏது? பல்லின் பள்ளத்தில் ஊசிமுனையாகத் தொடங்கும் சொத்தை, உள்ளே போகப்போக அகலும். எனாமலுக்கு அடியிலுள்ள டென்டினைத் தொட்டதும் பக்கவாட்டில் பரவும். கரையான் தின்ற கதவில் பெயிண்ட் மட்டும் பளபளப்பதுபோல மேலே எனாமல் நிற்கும். விளக்கொளியில் உற்றுப் பார்த்தால் அடியில் சாம்பல் நிழல் தெரியும்.

கற்க வருபவர்கள் முதலில் பல்லைக் காற்றால் உலர்த்திப் பாருங்கள். ஈரத்தில் ஒளிந்திருந்த வெள்ளைப் புள்ளி அப்போது தெரியும். அந்தக் கட்டத்தில் துளையிடும் பர் வேண்டாம். ஃப்ளோரைடும் ஒழுங்கான துலக்கலும் போதும். கூர் புரோப்பால் குத்தவும் வேண்டாம். குத்திச் சிக்கினால் சொத்தை என்றுதான் எங்களுக்குக் கற்பித்தார்கள். ஆனால் அந்தக் குத்தே புள்ளியை உடைத்துக் குழியாக்கிவிடும்.

என் ஆசிரியர் அதிவேகமாகச் சுற்றும் ஏரோட்டரை எனாமலைத் திறக்க மட்டுமே எடுப்பார். பிறகு மெதுவாகச் சுற்றும் உருண்டை பர், கடைசியில் கையால் சுரண்டும் ஸ்பூன். "நிறத்தை நம்பாதே, கையைக் கேள்" என்பார். கருத்துக் கெட்டியாக இருப்பது பெரும்பாலும் நின்றுபோன சொத்தை. வெளிறி ஈரமாக வழித்து வருவதுதான் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது. சுற்றுச்சுவரில் கருவி கிறீச்சிடும்வரை சுத்தம் செய்வார். ஆழமான குழியில் பல்கூழுக்கு மேலுள்ள தளத்தில் சற்று இழுவையாக இருப்பதை அப்படியே விட்டு மூடிவிடுவார்.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண், தளத்தில் துளிப் பழுப்பும் கூடாதென்று சுரண்டிப் பல்கூழைத் திறந்துவிட்டார். அடைப்போடு முடிந்திருக்க வேண்டியது வேர் சிகிச்சை, கேப் என்று நீண்டது. இப்போது அவர் ஸ்பூன் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது.

அடியில் டென்டின் இல்லாத மெல்லிய முகட்டைக் குறைத்துவிடுங்கள்; விட்டால் கடியில் உடையும். ஆனால் பர் வைக்குமுன் நோயாளி கையில் கண்ணாடியைக் கொடுத்துக் காட்டிவிடுங்கள். இல்லையென்றால் நல்ல பல்லை டாக்டர்தான் வெட்டினார் என்று ஊரெல்லாம் சொல்வார்.