இணைய வாணிகத்தில் யாம் கற்ற பாடம்

கல்லூரி நீங்கிய இளைஞர் பலர் இக்காலத்தே இணையவழி வாணிகஞ் செய்ய விழைகின்றனர். கடைக்கு வாடகையில்லை, கைப்பேசி யொன்றே போதும் என்பது அவர்தம் எண்ணம். யாமும் அங்ஙனமே எண்ணினோம். எண்ணி இடர்ப்பட்ட வரலாற்றை ஈண்டுக் கூறுதல் பின்வருவார்க்குப் பயன்படுமென நம்புகின்றோம்.

புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டியை யாம் விற்கத் தெரிந்துகொண்டோம். பனையேறும் பெரியவர் ஒருவர், தம் மனையாள் பதநீர் காய்ச்சிச் சிரட்டையில் வார்த்தெடுத்த ஒரு பருவத்துக் கருப்பட்டி முழுவதையும், "விற்ற பிறகு பணம் தந்தாற் போதும், தம்பி" என்று கடனாக ஈந்தார். உணவுப் பொருளாதலின், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொண்டோம். தொடக்கத்தில் யாம் சரிவரச் செய்த செயல் அஃதொன்றே.

முதற்கண், எண்ணிக்கையை விலைக்கு வாங்கினோம். இன்ஸ்டாகிராமில் எம் பக்கத்தைப் பின்தொடரப் பதினாயிரவரைச் சேர்ப்பதாக ஒருவர் கூற, கையிருப்பிற் பாதியைக் கொடுத்தோம். எண் வளர்ந்தது, ஒரு கருப்பட்டியும் விலைபோகவில்லை. அவை பெரும்பாலும் ஆளில்லாப் பெயர்களே.

அடுத்து, விளம்பரத்திற்கு எல்லை வகுத்திலோம். அஸ்ஸாமிலிருந்து ஒருவர் ஒரு கிலோ வேண்டினார். அனுப்புங் கூலி பண்டத்தின் விலையை விஞ்சிற்று.

மூன்றாவது பிழையே பெரிது. கரிய கருப்பட்டியைப் படத்திற் பொன்னிறமாக்கிக் காட்டினோம். பெற்றவர் சிலர் கலப்படமென்று திருப்பியனுப்பினர். மெய்ப்பண்டத்தை எம் பொய்ப்படம் பொய்யாக்கிற்று! வாங்கினவர் போல யாமே புகழுரை எழுதலாமென ஒரு நண்பர் தூண்டினார். அதனை 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் தடுக்கின்றன என்றறிந்து தவிர்த்தோம்.

இதற்குள் ஐப்பசி மழை தொடங்கிற்று. ஈரக்காற்றுப் பட்டு, எஞ்சிய கருப்பட்டி கசியலாயிற்று. தலைகவிழ்ந்து பெரியவர் முன் நின்றோம். அவர் சினந்திலர். "ஊருக்கெல்லாம் கூவினீங்களே தம்பி, வாங்கினவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றார்.

கேட்டிலோம்! அன்றிரவே, வாங்கிய பதினெழுவர்க்கும் வாட்ஸாப்பில் தனித்தனியே எழுதினோம். படத்தைத் திருத்தியது எம் பிழையென ஒப்புக்கொண்டு, திருப்பியவர்க்குப் பணத்தை யளித்தோம். கொப்பரையிற் பதநீர் கொதிப்பதையும் கருப்பட்டியின் இயல்நிறத்தையும் உள்ளவாறே படம்பிடித்து வெளியிட்டோம். விளம்பரத்தை அண்மை மாவட்டங்களுக்கே வரையறுத்தோம். பதினெழுவருள் ஒன்பதின்மர் மீண்டும் வாங்கினர். தம் சுற்றத்தார்க்கும் உரைத்தனர். பெரியவர் கடன் தீர இரண்டு பருவங்கள் சென்றன. அத்துணைக் காலமும் அவர் மனையாள் சீட்டுப் பணத்திற்கு அயலாரிடம் கைமாற்று வாங்கினாரென்பதைப் பின்னரே அறிந்தோம்.

ஆதலின் இளைஞர்காள்! இணையத்தில் விற்கப் புகுமுன், பதினாயிரம் பேரை எண்ணாது பதின்மரை நாடுமின். அவர்க்கு மெய்யுரைமின், அவர் குறை கேண்மின். நும் பிழையின் இழப்பு நும்மளவில் நில்லாது, நும்மை நம்பிப் பண்டந் தந்தவர் இல்லத்தையும் சென்று தாக்குமென்பதை மறவாதீர்.