முதலில் கட்டை, பிறகு காசு

திருச்சியில் டோல்கேட் என்று டிக்கெட் கேட்டால் நம்பர் 1 டோல்கேட்டில்தான் இறக்கிவிடுவார்கள். நான் போனது அதைத் தாண்டி, சென்னை சாலையில் இருக்கும் சமயபுரம் சுங்கச்சாவடிக்கு. ஞாயிற்றுக்கிழமை வேறு. மாரியம்மனைப் பார்க்க வந்த வேன்கள் வரிசைகட்டி நின்றன.

லேனுக்கு மேலே தட்டையாகத் தொங்குவதுதான் ரீடர். கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்குக்கு பேட்டரி கிடையாது. ரீடர் வீசும் ரேடியோ அலையிலேயே உயிர்பெற்றுத் தன் எண்ணைச் சொல்கிறது. பச்சை விளக்கு எரிகிறது, கட்டை மேலே போகிறது, வேன் கிளம்பிவிடுகிறது. பணம் கைமாறுவது அதன் பிறகும் நடக்கலாம். சாவடிக் கணினி தன் வங்கியிடம் சொல்லி, அது தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகமான என்.பி.சி.ஐ.யிடம் சொல்லி, அங்கிருந்து டேக் கொடுத்த வங்கிக்குப் போய், கழித்தாயிற்று என்ற பதில் அதே வழியில் திரும்ப வேண்டும். இத்தனை கணினிக்கும் தனித்தனிக் கடிகாரம்.

வில்லங்கமே அங்கேதான். கடிகாரத்தை மட்டும் நம்பி எது முன், எது பின் என்று தீர்மானிக்க முடியாது என்பதை கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் 1978லேயே எழுதிவிட்டார். பதில் வழியில் தொலைந்தால் கேள்வி மறுபடி போகும். கவனிக்காவிட்டால் ஒரே வண்டிக்கு இரண்டு முறை பணம் போகும். எந்தச் செய்தி எப்போது தாமதமாகும் என்பதையெல்லாம் முன்கூட்டிச் சோதித்து முடிக்க ஆயுள் போதாது. அதனால்தான் அமைப்பு ஓடும்போதே சரிபார்க்கிறார்கள். உண்டியல் எண்ணும் இடத்தில் காசைத் தொடாமல் பார்த்துக்கொண்டே நிற்கும் அதிகாரி மாதிரி, ஒரு சின்ன நிரல் போகிற வருகிற செய்திகளைக் கவனிக்கும். டேக்கின் நிலை தெரியாமல் கட்டை ஏறக்கூடாது, ஒரு கடப்புக்கு ஒரு கழிப்புதான், கேட்டதற்குக் கெடுவுக்குள் பதில் வரவேண்டும். இதில் ஒன்று மீறினாலும் உடனே கூவும்.

2025 பிப்ரவரி 17 முதல் நடப்பில் உள்ள விதியைப் பாருங்கள். ரீடர் படிப்பதற்கு முன் 60 நிமிடத்துக்கும் மேலாக முடங்கியிருந்த டேக், படித்து 10 நிமிடம் வரை அப்படியே கிடந்தால், 176 என்ற பிழை எண்ணோடு பரிவர்த்தனை திரும்பிவிடும். கெடுபிடி என்று திட்டினார்கள். எனக்குப் பிடித்த விதி இது. நேரங்களை வரிசையாக வைத்தாலே சரியா தப்பா என்று இயந்திரம் சொல்லிவிடும். தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகள் ஐ.சி.டி. 2.5 நெறிமுறையில் டேக்கின் நிலையை உடனுக்குடன் அறிகின்றன. மாநிலச் சாலைகளில் சில இன்னும் 2.4இல் இருக்கின்றன என்று நெடுஞ்சாலை ஆணையம் அப்போது விளக்கியது. பழைய நெறிமுறையில் டேக் நிலைப் பட்டியலைப் புதுப்பிக்கும்வரை, இப்போதுதான் போட்ட ரீசார்ஜ் சாவடிக்குத் தெரியாமல் போகலாம்.

இந்தக் காவல் வேலையை டிரைவர் தலையில் கட்டக்கூடாது. ஆனாலும் எஸ்.எம்.எஸ்.ஸில் சாவடியின் பெயரையும் நேரத்தையும் பாருங்கள். இரண்டு தடவை கழிந்திருந்தால் வங்கியிடமோ 1033 உதவி எண்ணிலோ சொல்லுங்கள். டேக்கும் சரி, இருப்பும் உண்டு, சாவடிக் கருவிதான் படுத்துவிட்டது என்றால், 2018 விதிப்படி கட்டணமில்லாமல் போகலாம். பூஜ்ய ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.