போக வேண்டியவர் பட்டியல்

மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்திற்கு அருகில் ஒரு தேநீர்க்கடை உண்டு. சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் அணி ஆண்டுதோறும் அங்கேதான் கலைக்கப்பட்டு, அங்கேதான் மீண்டும் கட்டப்படுகிறது. ஐ.பி.எல். போட்டிகள் நடைபெறும் இரண்டு மாதங்களில் அக்கடையில் பேச்சு குறைவு. எல்லாருடைய கண்களும் தொலைக்காட்சியின்மேல் இருக்கும். போட்டிகள் முடிந்த பிறகுதான் உண்மையான ஆட்டம் தொடங்கும். யாரைத் தக்கவைப்பது, யாரை விடுவிப்பது, யாரைக் கொடுத்து யாரைப் பெறுவது என்னும் வழக்கு, அடுத்த ஏலம் வரையில் மாதக்கணக்காய் நடக்கும்.

வழக்காடுவோர் ஐந்தாறு பேர். நகரப் பேருந்து நடத்துநர் ஒருவர். பூச்சந்தையில் மல்லிகைக் கணக்கு எழுதுபவர் ஒருவர். கல்லூரி மாணவர் இருவர். பள்ளி ஆசிரியனாகிய நான். சேப்பாக்கம் மைதானம் இங்கிருந்து ஏறத்தாழ 450 கிலோமீட்டர். எங்களுள் அதை நேரில் கண்டவர் பூக்கணக்கர் மட்டுமே. அதனால் அவர் சொல்லுக்குச் சற்று எடை கூடுதல்.

2025ஆம் ஆண்டு எங்கள் அணி 14 ஆட்டங்களில் 4 மட்டுமே வென்று பத்தாம் இடத்தில், அதாவது கடைசியில் நின்றது. அதற்குமுன் அந்த இடத்தை அது கண்டதில்லை. அக்டோபரில் மதுரைச் சிந்தாமணிப் பகுதியில் புதிய கிரிக்கெட் மைதானத்தைத் திறந்துவைக்கத் தோனி வந்தபோது ஊரே திரண்டது. மறுநாள் கடையில் எழுந்த கேள்வி ஒன்றே: நாற்பத்து நான்கு வயதான இவருக்குப் பின் விக்கெட் காப்பவர் யார்? கேரளத்தின் சஞ்சு சாம்சன் ராஜஸ்தான் அணியிலிருந்து வெளியேற விரும்புகிறார் என்ற செய்தி அப்போது உலவியது. அவரைப் பெற வேண்டுமானால் யாரைக் கொடுப்பது?

இது வெறும் அரட்டை என்று எண்ணிவிட வேண்டா. ஓர் அணியில் 25 பேருக்குமேல் இருத்தலாகாது. அவர்களுள் வெளிநாட்டார் எண்மர். களத்தில் இறங்கும் பதினொருவருள் வெளிநாட்டார் நால்வரே. ஏலத்திற்குரிய தொகைக்கும் வரம்பு உண்டு. ஒருவரை உள்ளே இழுத்தால் இன்னொருவர் வெளியே விழுவார். பூக்கணக்கர் பழைய பற்றுச்சீட்டின் பின்புறத்தில் இக்கணக்கைப் போட்டுக் காட்டும்போது, கணக்குப் பாடத்தில் ஒருபோதும் வாய்திறவாத என் பழைய மாணவன் ஒருவன் அவருடைய கூட்டலைத் திருத்தியிருக்கிறான்.

என் பட்டியலில் போக வேண்டியவர் இரவீந்திர ஜடேஜா. 18 கோடி ரூபாய் சம்பளம்; வயது முப்பத்தேழை நெருங்குகிறது; அதே தொகைக்குச் சாம்சன் கிடைப்பார். வாதம் சரியாகத்தான் இருந்தது. எதிர்த்தவன் மாணவருள் இளையவன். ஜடேஜாவின் 8ஆம் எண் பொறித்த மஞ்சள் சட்டையைத் துவைக்கும் நாள் தவிர மற்றெல்லா நாளும் அணிபவன். அவனிடம் இருந்தது ஒரே சான்று. 2023 இறுதி ஆட்டம், அகமதாபாத். மழையால் தள்ளிப்போய் நள்ளிரவைத் தாண்டிவிட்டது. கடைசி இரண்டு பந்துகளில் 10 ஓட்டங்கள் வேண்டும். மோகித் சர்மாவின் ஒரு பந்தை ஆறாகவும் அடுத்ததை நான்காகவும் மாற்றினார் ஜடேஜா. ஓடிவந்த அவரைத் தோனி இடுப்போடு தூக்கிக்கொண்டார். “அதுக்கு என்ன சார் விலை போடுவீங்க?” என்றான். “அது முடிந்துபோன ஆட்டம் தம்பி” என்றேன்.

அன்று பெஞ்சின் ஓரத்தில் பெரியவர் ஒருவர் இருந்தார். அலங்காநல்லூர்ப் பக்கத்துக்காரர், வாழ்நாளெல்லாம் மாட்டுத் தரகு செய்தவர். தாவணி என்றால் மாட்டுச்சந்தை. பேருந்துகள் வருவதற்கு முன்பு இங்கே மாடுகள் நின்றன. பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. எங்கள் பேச்சை நெடுநேரம் கேட்டவர், “பல்லு எத்தனை?” என்றார். ஜடேஜாவின் வயதைத்தான் கேட்கிறார் என்று புரிந்ததும் எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

மாட்டுக்கு விலை பேசும் முறையை அவர் விளக்கினார். வாங்குபவர் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்குள் மறைந்திருக்கும். விரல்களைப் பற்றுவதே பேரம். இத்தனை விரலுக்கு இவ்வளவு என்று கணக்கு. சுற்றி நிற்பவர் எவருக்கும் விலை தெரியாது. “மாட்டு விலையவே மூடித்தான் பேசுனோம். நீங்க மனுசன் விலைய ஊருக்கே கேக்கக் கூவுறீக. நாளைக்கு அவரு ஒரு பந்த விட்டுட்டா, இத்தன கோடி தண்டம்னு சொல்ல மாட்டீகளா?” என்றார்.

சொல்லியிருக்கிறோம். சென்ற பருவத்தில், ஆடிய ஒவ்வொருவரையும் ஓட்டத்துக்கு இத்தனை இலட்சம் என்று வகுத்துப் பார்த்தவர்கள் நாங்கள்.

பேச்சை இலேசாக்க எண்ணி நடத்துநர் என்னைப் பார்த்து, “சார் துறையில இதுக்குப் பேரு மனமொத்த மாறுதல் இல்லையா?” என்றார். ஓர் ஊரில் இருக்கும் ஆசிரியரும் மற்றோர் ஊரில் இருப்பவரும் மனம் ஒப்பினால் தத்தம் இடங்களை மாற்றிக்கொள்ளலாம். ஐ.பி.எல். பரிமாற்றத்திற்கும் வீரரின் ஒப்புதல் வேண்டும் என்பது விதி. அமெரிக்கக் கூடைப்பந்தில் பெரும்பாலும் அதுவும் இல்லை. 2025 பிப்ரவரியில் டல்லஸ் அணி, தன் உயிர்நாடியாக விளங்கிய லூகா டான்சிச்சை லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்கு அனுப்பியபோது அந்நகர ரசிகர்கள் அரங்கின் முன்னே சவப்பெட்டி வைத்துத் துக்கம் காத்தனர். அங்கும் நம்மைப்போல் கோடையெல்லாம் பட்டியல் போடுபவர்கள்தாம் அவர்கள்.

அன்றிரவு ஜடேஜாவின் பழைய கதையைத் தேடிப் படித்தேன். 2008இல் முதல் கோப்பையை வென்ற ராஜஸ்தான் அணியில் அவர் இளைஞர். அந்த இறுதி ஆட்டத்தில் தோற்றது நம் சென்னை அணி. 2010இல் அவருக்கு ஓராண்டுத் தடை. ராஜஸ்தானோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல், விதியை மீறி வேறோர் அணியுடன் தாமே பேச முயன்றார் என்பதே குற்றம். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. பிறகு கொச்சி, அவ்வணி கலைந்ததும் 2012இல் சென்னை. எங்கள் அணி தடைபட்டிருந்த ஈராண்டுகள் நீங்கலாகப் பன்னிரண்டு பருவங்கள். தம் விலையைத் தாமே பேச முயன்றதற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவரைத்தான் நான் பற்றுச்சீட்டின் பின்புறத்தில் விலைபேசிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 15ஆம் நாள் அறிவிப்பு வந்தது. ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு, சாம்சன் சென்னைக்கு. ஜடேஜாவின் தொகை 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைந்தது. சாம்சனுக்கு அதே 18. என் பட்டியல் ஏறத்தாழ அப்படியே பலித்திருந்தது. பூக்கணக்கர் என் முதுகில் தட்டினார். நடத்துநர் எனக்குத் தேநீர் வாங்கித் தந்தார். மஞ்சள் சட்டைக்காரன் வந்தான். யாரையும் பாராமல் கைப்பேசியில் அந்தக் கடைசி இரண்டு பந்துகளை ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் அவன் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தேன். தேநீர் ஆறிப்போயிற்று.

எங்கள் வீட்டில் மாட்டை விற்றால் அதைக் கட்டியிருந்த கயிற்றை உடன் கொடுப்பதில்லை. வாங்குபவர் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும். பழையது தொழுவத்து முளையிலேயே தொங்கும். செவலை போன பிறகு அப்பா சில நாள் அந்தப் பக்கம் போகாமலே இருந்தார். விற்கலாம் என்று முடிவு செய்தவரும் அவர்தாம்.

அடுத்த வாரம் அவன் அதே சட்டையில் வந்தான். டிசம்பர் 16 அன்று ஏலம். சுழற்பந்து வீசும் இடம் காலியாயிற்றே, யாரைப் பிடிப்பது என்று பேச்சு தொடங்கியிருந்தது. சற்று நேரம் ஒதுங்கியிருந்தவன் மெல்ல நகர்ந்து வந்து பூக்கணக்கரின் சீட்டை எட்டிப் பார்த்து, “இடதுகை வேணும்ணே. சின்னப் பையனா எடுங்க, பத்து வருசம் இருக்கணும்” என்றான். கணக்கர் பேனாவை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.