அக்காவும் 600 மில்லியும்

இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் சாதாரணமாக 50 மில்லிக்கு மேல் நீர் இருக்காதாம். மும்பையில் எங்களோடு தங்கி மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ எடுத்துக்கொள்ளும் என் அக்காவுக்கு 600 மில்லி!

படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. கீமோ அசதி என்றே நினைத்தாள்; எக்கோ காட்டிக்கொடுத்தது. யார் வீட்டிலாவது இப்படியென்றால் தாமதிக்காதீங்க. மெல்லச் சேர்ந்தால் ஒரு லிட்டர்கூடத் தாங்குமாம். சட்டென்று சேர்ந்தால் 200 மில்லியே இதயத்தை நெருக்கி ஆளைச் சாய்த்துவிடும். (டெபாசிட்காரர்கள் ஒரே நாளில் திரண்டு வந்தால் வங்கிக்கும் இதே கதிதான். பேங்க் புத்தி!)

எக்கோவில் பார்த்தபடியே ஊசி செலுத்தி, குழாய் வைத்து மூன்று நாள் வடித்தார்கள். இப்போது படுத்துத் தூங்குகிறாள். ஆனால் வடிப்பதால் புற்று குறையாது. நீர் திரும்பச் சேரலாம். சேர்ந்தால், உறையில் ஜன்னல் மாதிரி வெட்டி நீரை நெஞ்சறைக்குள் வடியவிடும் ஆபரேஷன். அதற்கு அக்கா இன்னும் தலையாட்டவில்லை. வெள்ளிக்கிழமை அடுத்த எக்கோ.