'பேரைப் பார்க்காத தம்பி... நம்பரைப் பாரு!'

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். காலை ஆறரைக்கெல்லாம் வெறும் வயிற்றோடு பெரியவர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களின் பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாம் ஒரே டேட்டாபேஸில். அதைப் பார்த்துக்கொள்ளும் இளைஞருக்கு அன்றிரவு தூக்கம் இல்லை.

பழைய சர்வருக்குப் பதில் புதியது வைத்திருந்தார். போஸ்ட்கிரெஸ் டேட்டா இருந்தது தனி ஸ்டோரேஜ் பெட்டியில். இணைப்பு என்எஃப்எஸ் வழியாக. தாம்பரம் சானடோரியத்துக்கு மெப்ஸ் வந்த அதே 1984-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்த பழைய ஆள்தான் இந்த என்எஃப்எஸ். புதிய சர்வரில் மவுன்ட் செய்தால் வேலை முடிந்தது என்று நினைத்தார். 'ஃபோல்டரின் ஓனர் சரியில்லை' என்று எழவே மறுத்தது போஸ்ட்கிரெஸ்.

பலரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். ஸ்டோரேஜ் பெட்டியில் அந்த ஃபோல்டருக்கு 777 பர்மிஷன். யாரும் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். சாவி தொலைந்ததற்குக் கதவையே கழற்றி வைப்பது மாதிரி! அப்போதும் அதே எரர். சர்வரில் ரூட்டாக நுழைந்து ஓனரை மாற்றப் பார்த்தால், 'அனுமதி இல்லை'.

ரூட்டுக்கே அனுமதி இல்லையா? இல்லைதான். 'ரூட் ஸ்குவாஷ்' என்ற ஏற்பாடு இருந்தால், தன் சர்வரில் சர்வ அதிகாரமும் உள்ள ரூட், ஸ்டோரேஜ் பெட்டிக்குப் போனதும் 'நோபடி' ஆகிவிடுவார். சொந்த அபார்ட்மென்ட்டில் செக்ரட்டரி, பக்கத்து அபார்ட்மென்ட்டில் வெறும் விசிட்டர்.

இரவு ஒன்றரை. காலியாக ஒரு டேட்டாபேஸை உருவாக்கிக் காலையைச் சமாளிக்கலாமா என்றுகூடத் தோன்றியது. நல்லவேளை, பழைய ஆபீஸ் சீனியருக்கு போன் போட்டார்.

"அக்கா, ஓனர்னு ஏதோ வேற சர்வீஸ் பேரு காட்டுது."

"பேரைப் பார்க்காத தம்பி, நம்பரைப் பாரு. பழைய மெஷின்ல போஸ்ட்கிரெஸை நிறுத்தித்தானே வெச்சிருக்க? ஒரே ஃபோல்டர்ல ரெண்டும் ஓடினா டேட்டா காலி!"

நிறுத்தித்தான் இருந்தது. பழைய சர்வரில் போஸ்ட்கிரெஸ் யூசரின் எண் 113. புதியதில் 117. உபுண்டுவில் இன்ஸ்டால் செய்யும்போது எந்த எண் காலியோ அது கிடைக்கும். ஃபைலில் பதிவாவது அந்த எண்தான், பெயர் அல்ல. புதிய சர்வரில் 113 வேறொரு சர்வீஸுக்குப் போயிருந்ததால், அத்தனை பேரின் சுகர் ரிப்போர்ட்டுக்கும் அதுவே சொந்தக்காரன் ஆகிவிட்டது!

ஸ்டோரேஜ் பெட்டிக்குள்ளேயே போய், உள்ளிருக்கும் ஃபைல்கள் உட்பட எல்லாவற்றையும் 117-க்கு மாற்றினார். இப்போது வேறு எரர்: பர்மிஷன் தவறு. அவரே திறந்துவிட்ட 777! டேட்டா ஃபோல்டருக்கு 700 அல்லது 750 இருந்தால்தான் போஸ்ட்கிரெஸ் ஒப்புக்கொள்ளும். 11-ம் பதிப்புக்கு முன்னால் 700 மட்டும்தான். 700 கொடுத்தார். எழுந்துகொண்டது.

ஆறரைக்கு வந்த முதல் பெரியவர், "போன மாசம் சுகர் எவ்ளோ இருந்துச்சும்மா?" என்று ரிசப்ஷனில் கேட்டார். அந்தப் பெண் ஸ்கிரீனைப் பார்த்துச் சொன்னார்.